பதினேழாம் அறைக்கு வந்த கன்று

ஆற்றுக்குத் தெற்கே, ரயில் பாதைக்கு வடக்கே ஒரு மருத்துவக் கல்லூரி உண்டு. அதன் மாணவியர் விடுதிக்கு மூன்று மாடி, அறுபது அறை, முற்றத்தில் ஒரு புங்கமரம், ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு பதிவேடு, பதிவேட்டுக்குப் பின்னால் ருக்குமணி அக்கா. ஊரிலிருந்து வரும் தகப்பன்மார்கள், தண்ணீர் கேன் வண்டிக்காரர், மின்விசிறி பழுதுபார்ப்பவர், ஒருமுறை வழிதவறி வந்துவிட்ட தேர்தல் அதிகாரி என்று யாராக இருந்தாலும் அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறாமல் உள்ளே போனதில்லை.

ஆகவே பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஆறரை மணிக்கு, ஓர் எருமைக்கன்று தனியாக நடந்துவந்து மேசைக்கு முன்னால் நின்றபோது, ருக்குமணி அக்கா பேனாவின் மூடியைக் கழற்றினாள். கன்றின் முதுகு இப்போதுதான் குளத்திலிருந்து ஏறிவந்தது போல ஈரமாக இருந்தது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கொட்டாவி வந்தது. இரண்டாவது கொட்டாவியில் அது என்னவென்று புரிந்துவிட்டது. பெயர் என்ற கட்டத்தில் 'தூக்கம்' என்று எழுதினாள். "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டாள். கன்று தரைத்தளத்தின் பதினேழாம் அறைப் பக்கம் தலையைத் திருப்பியது. 'பேச்சியம்மாள், இறுதியாண்டு' என்று எழுதினாள். உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு 'சொந்தம்' என்று எழுதினாள். ஆண்களுக்கு அறைக்குள் தங்க அனுமதி இல்லை என்பதால் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள், பெண் கன்றுதான். வந்த நேரம் ஆறு முப்பத்தைந்து. போன நேரம் என்ற கட்டத்தை, வழக்கம்போல, பிறகு எழுதலாம் என்று காலியாக விட்டாள்.

கன்று நேராகப் போய்ப் பதினேழாம் அறைக் கதவுக்கு முன்னால் முன்னங்கால்களை மடித்துப் படுத்துக்கொண்டது.

அந்த விடுதியில் தூக்கத்தை விரட்டுகிற ஒரு மாத்திரை புழங்கியது. அதன் உண்மையான பெயர் வாயில் நுழையாத அளவுக்கு நீளம். மாணவிகள் அதை 'டார்ச்' என்றார்கள். மூத்தவர்கள் படித்து முடித்த நோட்டுகளை இளையவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம், அந்த நோட்டுகளோடு நோட்டாக டார்ச்சும் கை மாறிவந்தது. அது இதயத்தை என்ன செய்யும், நரம்பை என்ன செய்யும், எத்தனை நாளில் அது இல்லாமல் இருக்க முடியாமல் போகும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்; ஐந்து மதிப்பெண் கேள்வியில் அதைப் பற்றி அழகாக எழுதினார்கள், எழுதுவதற்காகப் படிக்கும்போது அதையே போட்டுக்கொண்டார்கள். மாத்திரையை விழுங்கும்போது ஒவ்வொருத்தியும் தன் தூக்கத்திடம், "இப்ப வேண்டாம், பரீட்சை முடிஞ்சதும் வா" என்று சொல்லி அனுப்பினாள். தூக்கம் சொன்ன சொல் கேட்கிற பிராணி. போ என்றால் போகும். ஆனால் வீட்டுக்குப் போகத் தெரியாது, ஏனென்றால் அதற்கு வேறு வீடு கிடையாது. அதனால் கதவுக்கு வெளியே வந்து காத்திருந்தது.

அந்த வாரத்துக்குள் இருபத்துமூன்று கதவுகளுக்கு முன்னால் இருபத்துமூன்று தூக்கங்கள் வந்து சேர்ந்தன. முதலாண்டு மாணவி ஒருத்திக்கு ஒரு வாத்துக்குஞ்சு. எட்டாம் அறைக்கு ஒரு கழுதை. இரண்டாம் மாடி நாற்பத்திரண்டாம் அறைக்கு ஒரு கொக்கு, அது கைப்பிடிச் சுவரில் ஒற்றைக்காலில் நின்றது. எதுவும் தின்னவில்லை, எதுவும் சாணம் போடவில்லை, அதனால் பெருக்குகிறவர்களுக்குத் தொந்தரவில்லை. ஆனாலும் பக்கத்தில் போனால் கொட்டாவி வரும் என்பதால், பெருக்கி முடிக்க முன்பைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது. கழுதைக்கு முன்னால் சமையல்கூடத்து ஆட்கள் ஒரு பாத்திரத்தில் வடிகஞ்சி வைத்தார்கள். அது குடிக்கவில்லை, ஆவியை மட்டும் முகர்ந்துகொண்டு கண்ணை மூடியது. தங்கள் அறைக்கு முன்னால் வந்ததைப் பெட்ஷீட் போட்டு மூடி, துவைத்த துணி மூட்டை என்று சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. மூட்டை மூச்சு விட்டதால் அது நடக்கவில்லை.

விடுதிக் காப்பாளர் டாக்டர் சிவகாமசுந்தரி உடலியல் பேராசிரியர். இருபத்தாறு வருடங்களாகத் தூக்கம் என்ற பாடத்தை வரைபடம் போட்டு நடத்தியவர். அவர் கன்றுக்கு முன்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டு, ஒரு கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "பாடத்துல இருக்கிறதைவிட அழகாத்தான் இருக்கு" என்றார். பிறகு கூடிநின்ற மாணவிகளைப் பார்த்தார்.

"யார் யாரெல்லாம் மாத்திரை போடுறீங்கன்னு விசாரணை கமிட்டி வைக்கணும்னு நினைச்சேன். இனி அவசியமில்லை. அவங்கவங்க வாசல்லயே கட்டிப் போட்டிருக்கீங்க."

எட்டாம் அறை மாணவி மட்டும் கழுதையை மறைத்துக்கொண்டு நிற்கப் பார்த்தாள், கழுதை அவளைவிட உயரம்.

அவர்கள் மருத்துவம் படிப்பவர்கள், அதனால் மருத்துவம் படிப்பவர்கள் செய்யக்கூடிய தவறையே செய்தார்கள். ஒவ்வொரு கதவுப் பிடியிலும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, ஆறு மணிக்கொரு முறை அந்தப் பிராணியின் நாடி, மூச்சு, உடல்சூடு எல்லாவற்றையும் குறித்தார்கள். கொக்கின் மூச்சு ஏன் மெதுவாக இருக்கிறது என்று உணவு மேசையில் விவாதித்தார்கள். கழுதையின் இதயத்தை ஒருத்தி மாற்றி ஒருத்தி ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, கேட்டவாக்கில் அசந்து சரிந்து, திடுக்கிட்டு எழுந்து போனார்கள். கதவைத் திறந்து அதை உள்ளே விடலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. வாத்துக்குஞ்சுக்காரிதான், இன்னும் அவ்வளவு பாடம் படிக்காதவள் என்பதால், ஒரு மத்தியானம் பாவம் பார்த்துக் கதவைத் திறந்தாள். குஞ்சு உள்ளே ஓடியது. அவள் பதினான்கு மணி நேரம் தூங்கி எழுந்தபோது அறையில் குஞ்சு இல்லை, அவள் கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு மட்டும் இருந்தது.

அதைப் பார்த்துப் பலர் கதவைத் திறந்தார்கள். நாற்பத்திரண்டாம் அறைக்காரி குறுக்குவழியாக வேறு மாத்திரை, தூங்கவைக்கிற மாத்திரை, போட்டுக்கொண்டு இரண்டு நாள் கட்டை போலக் கிடந்தாள். எழுந்து வந்து பார்த்தால் கொக்கு கைப்பிடிச் சுவரில் அதே காலில் நின்றது. மாத்திரை கொடுத்த தூக்கம் யாருடையதோ, அவளுடையது வெளியேதான் நின்றது என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது. அவளும் மறுநாள் கதவைத் திறந்தாள்.

பதினேழாம் அறை மட்டும் திறக்கவில்லை.

அந்த அறையில் இரண்டு பேர். பேச்சியம்மாள் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள், லோடு ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். அவர்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஜெனிட்டா கடற்கரைக்காரி, டார்ச்சைத் தொட்டதில்லை, சுவரில் சாய்ந்தாலே தூங்கிவிடுவாள். ஜெனிட்டாவுக்கு இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று அவளுடையது, இன்னொன்று மெல்லியது, வகுப்பில் பேச்சியின் எண்ணைக் கூப்பிடும்போது பேச்சி இல்லையென்றால், "யெஸ் சார்" என்று சொல்வதற்காக வைத்திருப்பது. ப்ராக்ஸி என்று அதற்குப் பெயர். நாலரை வருடத்தில் அந்த இரண்டாவது குரல் ஒருமுறைகூடப் பிடிபட்டதில்லை.

கன்று வளர்ந்தது. நாலாம் நாள் முழங்கால் உயரத்திலிருந்து இடுப்புக்கு வந்தது, பத்தாம் நாள் கொம்பு முளைத்தது. ஜெனிட்டா பிரசவ வார்டில் கர்ப்பிணிகளின் வயிற்றை அளக்கும் டேப்பை எடுத்துவந்து முதலில் கதவை அளந்தாள், பிறகு எருமையை அளந்தாள்.

"ஏட்டி பேச்சி, கதவு முப்பத்திரெண்டு இஞ்சு. இது இருபத்தேழுக்கு வந்துட்டு. இன்னும் அஞ்சுதான் மிச்சம்."

"பரீட்சைக்குப் பதிமூணு நாளு" என்றாள் பேச்சி, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுக்கப்புறம் மொத்தமா தூங்கிக்கிடுதேன்."

"அதுக்கப்புறம் இது எப்படி உள்ள வரும்? ஜன்னல் வழியாவா?"

"நீ ஏன் இப்படி அளந்துட்டு அலையுத? உனக்குப் படிக்க ஒண்ணும் இல்லையா?"

வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "வாகனம் வந்து நிக்கி, ஆளைத்தான் காணும்" என்றார்கள். எமன் ஏறிவருகிற எருமையைச் சொல்லுகிறார்கள் என்று பேச்சிக்குத் தெரியும். "வந்தா உக்காரச் சொல்லுங்க, இந்தப் பாடத்த முடிச்சிட்டு வாரேன்" என்று திருப்பிச் சொல்வாள், சொல்லும்போது அவள் உதடு உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். முன்பு ஒரு மாத்திரை போட்ட நேரத்தில் இப்போது மூன்று போட்டாள். ஒரே பக்கத்தை ஏழுமுறை படித்தாள். எழுதும்போது எழுத்து தானாக நடுங்கியது.

எருமை முப்பது அங்குலத்துக்கு வந்த வியாழக்கிழமை, பேச்சி வார்டுக்குப் போயிருந்த முற்பகலில், ஜெனிட்டா நான்கரை வருடப் பழக்கத்தில் ஒரு முடிவுக்கு வந்தாள். கதவை இரண்டு பக்கமும் முழுக்கத் திறந்தாள். "வா" என்று இரண்டாவது குரலில் கூப்பிட்டாள். எருமை அந்தக் குரலைக் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது, எழுந்தது, விலா இரண்டு பக்கமும் நிலையில் உரச உள்ளே வந்தது. ஜெனிட்டா கதவைச் சாத்திவிட்டு, பேச்சியின் கட்டிலில், பேச்சியின் போர்வையைப் போர்த்திக்கொண்டு, பேச்சிக்காகப் படுத்தாள்.

தூக்கம் பேச்சியினுடையது என்பதால் கனவும் பேச்சியினுடையதாகவே இருந்தது. ஒரு கட்டிலுக்கு அடியில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பலகை. பிரித்தால் நீலத்தில் வெள்ளை எழுத்து: டாக்டர் பேச்சியம்மாள், எம்.பி.பி.எஸ். பிறகு ஒரு நீளத் தெரு, எல்லா வீட்டுக் கதவிலும் அதே பலகை. ஒவ்வொரு கதவாகத் திறக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் நோயாளிகள் நிறைந்திருந்தார்கள், அவர்கள் எல்லோரும் எழுந்து நின்று அவளைப் பார்த்து, "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல வாய் திறந்தால் குரல் இல்லை. அடுத்த கதவு. அடுத்த கதவு.

அதே நேரத்தில் வார்டில், பேச்சி ஒரு வயதான அம்மாளின் கையில் ஊசிக்கு நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். நரம்பு கண்ணுக்குத் தெரிந்தது, கைதான் அங்கே போகவில்லை. இரண்டுமுறை தவறியது. மூன்றாம் முறை குத்தப் போகும்போது நர்ஸ் வந்து அவள் விரல்களிலிருந்து ஊசியை மெதுவாக வாங்கிக்கொண்டார். "விடு பிள்ள, நான் போடுதேன். நீ போய் ஏதாச்சும் சாப்பிடு." திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே பேச்சி விடுதிக்கு நடந்தாள்.

பதினேழாம் அறை வாசலில் எருமை இல்லை. அந்த இடத்தில் ஒரு சிறிய கடல் ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு கிடந்தது. அது ஜெனிட்டாவின் தூக்கம். இருபத்துமூன்று வருடத்தில் முதல்முறையாகக் கதவு தனக்குச் சாத்தியிருப்பதைக் கண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தது. பேச்சி கதவைத் திறந்தாள். தன் கட்டிலில் ஜெனிட்டா எழுந்து உட்கார்ந்து, முகமெல்லாம் வியர்த்து, அழுதுகொண்டிருந்தாள். எருமை அவள் மடியில் தாடையை வைத்திருந்தது. பேச்சி உள்ளே வந்ததும் அது கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது, யாரோ வந்திருக்கிறார்கள் என்பது போலப் பார்த்தது, பிறகு கண்ணை மூடிக்கொண்டது.

பதினாறு நாளாக அதைத் தாண்டித் தாண்டிப் போனவள்தான், கால் இடறியபோது ஏசினவள்தான். ஆனாலும் அந்தப் பார்வை அவளை எங்கோ அறைந்தது.

"அதுக்கு என்னை அடையாளம் தெரியலட்டி" என்றாள்.

"தப்பு என்மேலதான்" என்றாள் ஜெனிட்டா. "உனக்காக நான் தூங்கிட்டேன்."

"அதெல்லாம் ப்ராக்ஸி போட முடியுமா, கிறுக்கி."

"முடியல. பாதியிலேயே முழிச்சிட்டேன். அந்தப் போர்டு எப்ப எழுதினாங்க?"

பேச்சி எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தாள். "போன தீபாவளிக்கு. எங்கப்பா காட்டல. சாமான் எடுக்கக் குனிஞ்சேன், கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. எம் பேரு. நான் அப்படியே பேப்பர சுத்தி வச்சிட்டேன்." பிறகு சட்டென்று கோபம் வந்தது. "என் கனவுக்குள்ள உன்ன யாரு போகச் சொன்னா?"

ஜெனிட்டா கண்ணைத் துடைத்தாள். எருமையின் தலையை மடியிலிருந்து மெதுவாக நகர்த்திவிட்டு, தரையில் பேச்சிக்கு முன்னால் உட்கார்ந்தாள். விடுதி முழுக்க ஒவ்வொரு மூச்சையும் நாடியையும் எண்ணி அட்டையில் எழுதியிருந்தார்கள். எந்த நோயாளியிடமும் எந்த டாக்டரும் முதலில் கேட்கிற கேள்வியை மட்டும் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அதை அவள் தன் சொந்தக் குரலில் கேட்டாள்.

"பேச்சி, உனக்கு என்ன செய்யுது?"

பேச்சி சிரிக்கப் பார்த்தாள். பிறகு, வேறு விதமாகச் சொல்லத் தெரியாததால், வார்டில் பேராசிரியரிடம் ஒப்பிப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தாள். "இருபத்துமூணு வயசுப் பெண். இறுதியாண்டு. நாலு மாசமா மாத்திரை. முதல்ல ஒண்ணு, இப்ப ஒரு நாளைக்கு எத்தனைன்னு..." அங்கே நின்றாள். "எத்தனைன்னு எனக்குத் தெரியல. இன்னைக்குக் கை நடுங்கிச்சு. நெஞ்சு படபடன்னு இருக்கு, எப்பவும். போடாட்டா எந்திரிக்க முடியல. எனக்குப் பயமா இருக்கு ஜெனிட்டா. பரீட்சைக்கு இல்ல. என்னை நினைச்சாலே பயமா இருக்கு."

ஜெனிட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், பழக்கத்தில் விரல்கள் நாடிக்குப் போயின, எண்ணாமல் பிடித்திருந்தாள்.

அன்று மாலையே இருவரும் காப்பாளர் அறைக்குப் போனார்கள். பேச்சி மாத்திரைகளை வைத்திருந்த தன் ஜாமெட்ரி பாக்ஸை அவர் மேசையில் வைத்துத் திறந்தாள். டாக்டர் சிவகாமசுந்தரி பெட்டியையும் அவளையும் பார்த்தார். அவள் நாடியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் இருந்தார். கமிட்டி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, மனநலப் பிரிவு மருத்துவருக்குப் போன் செய்து, "என் பிள்ளை ஒருத்தி வந்திருக்கா, நீங்க கொஞ்சம் வரணும்" என்று மட்டும் சொன்னார். அந்த மருத்துவர் வந்தார், எல்லாவற்றையும் கேட்டார், இதயத்தைப் பரிசோதித்தார், தினமும் வந்து பார்ப்பதாகச் சொன்னார், முதல் மருந்தாகத் தூங்கு என்றார்.

அங்கேதான் சிக்கல். எருமை ஜெனிட்டாவின் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்திருந்தது. வேறொருத்தியிடம் பாதி தூங்கிக் கலைந்த தூக்கம் என்பதால் ஒரே நாளில் இரட்டித்துவிட்டது. கொம்பு நுனிக்குக் கொம்பு நுனி நாற்பத்தோரு அங்குலம். கதவு முப்பத்திரண்டு. நிலையைப் பெயர்க்கலாம் என்றாள் ஒருத்தி, பொதுப்பணித் துறைக்கு எழுதிப் பதில் வருவதற்குள் எருமை யானையாகிவிடும் என்றாள் இன்னொருத்தி. ருக்குமணி அக்கா மேசையிலிருந்து எழுந்து வந்து பார்த்தாள்.

"மாடு உள்ள போகலன்னா கட்டில வெளிய போடுங்களேன்" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எட்டுப் பேர் சேர்ந்து பேச்சியின் இரும்புக் கட்டிலைத் தூக்கிப் புங்கமரத்தடியில் போட்டார்கள். பேச்சி உட்கார்ந்தாள். எருமை தள்ளி நின்றது. அவள் கையை நீட்டி, "நான்தான். தெரியலையா?" என்றாள். அது அவள் உள்ளங்கையை முகர்ந்தது. நடுங்கும் அந்தக் கையை வெகுநேரம் முகர்ந்துகொண்டே இருந்தது, பிறகு பெருமூச்சு விட்டு, கட்டிலை ஒட்டிப் படுத்தது.

"இனி எந்திரிக்க எத்தனை நாள் ஆகுமோ" என்றாள் ஜெனிட்டா. அவள் கையில் பேச்சியின் ஹால் டிக்கெட் இருந்தது. பரீட்சைக்கு எட்டு நாள். "முத நாள் காலையில எழுப்பிவிடட்டா?"

பேச்சி ஹால் டிக்கெட்டில் இருந்த தன் புகைப்படத்தைப் பார்த்தாள். எழுதாவிட்டால் அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம். ஜெனிட்டா ஹவுஸ் சர்ஜனாகிவிடுவாள், தான் இங்கேயே இருப்பாள், கட்டிலுக்கடியில் பலகையும் இருக்கும்.

"எழுப்பாத" என்றாள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிரு." படுத்தாள். அவள் கண் மூடியதை முற்றத்தில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அந்த விடுதி மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டது. சமையல்கூடத்தில் கிரைண்டரைப் பின்கட்டுக்கு மாற்றினார்கள். சாப்பாட்டு மணிக்குப் பதிலாக ஒருத்தி அறை அறையாகப் போய் விரலால் கதவைத் தட்டினாள். விடுதியைத் தாண்டும் பேருந்துகள் ஹாரனைத் தொடவில்லை, பயணிகள் அந்தத் திருப்பத்தில் மட்டும் கொட்டாவி விட்டார்கள். தினமும் டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டுப் போனார். நடுவில் பேச்சி கண்ணைத் திறக்காமல் எழுந்து உட்கார்ந்தால் ஜெனிட்டா கஞ்சி கொடுத்தாள், கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப்போய் வந்தாள். இரண்டு நாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, வியர்த்துக் கொட்டியது, மாத்திரை வேண்டும் என்று தூக்கத்திலேயே அழுதாள். அப்போதெல்லாம் எருமை தன் கழுத்தை அவள்மேல் போட்டுக்கொண்டது.

மூன்றாம் நாள் அவள் அப்பா வந்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மரத்தடிக்கு வந்து, முதலில் மகளைப் பார்த்தார், பிறகு எருமையை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். "நல்ல மாடு" என்றார். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் ஈ ஓட்டினார். அன்றிலிருந்து தினமும் அப்படியே வந்து வந்து உட்கார்ந்தார்.

பரீட்சை நாள் காலையில் வெள்ளைக் கோட்டுகள் வரிசையாக, சத்தம் வராமல், அந்தக் கட்டிலைத் தாண்டிப் போயின. ஜெனிட்டா கடைசியாகப் போனாள். ஒருமுறை குனிந்தாள், எழுப்பவில்லை, போர்வையை இழுத்துவிட்டுப் போனாள். பரீட்சை மண்டபத்தில் பேச்சியின் எண்ணைக் கூப்பிட்டபோது அவளுடைய இரண்டாவது குரல் தொண்டைவரை வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வராதவர் என்று குறித்தார்கள்.

பதினோரு மணிக்குப் பேச்சி கண் விழித்தாள். முகத்துக்கு நேரே புங்க இலை, அதற்குக் கீழே அப்பா. கட்டிலை ஒட்டி, முதல்நாள் வந்த அதே அளவில், ஓர் எருமைக்கன்று.

"அப்பா, பரீட்சை போச்சு."

"தெரியும்" என்றார் அவர். "தூங்கி முடிச்சிட்டியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். கையைத் தூக்கி விரல்களை விரித்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் நடுங்கின, இலை நடுங்குகிற அளவுக்கு. "கொஞ்சம் மிச்சம் இருக்கு."

"அப்ப தூங்கு. போர்டு எங்க போகப் போகுது. பெயிண்டு நல்ல பெயிண்டு."

அவள் எழுந்து, கட்டிலைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, போர்வையை மட்டும் சுருட்டிக்கொண்டு பதினேழாம் அறைக்கு நடந்தாள். கன்று பின்னால் நடந்தது. கதவு அதற்குத் தாராளமாக இருந்தது. வாசலில் கிடந்த கால்மிதியில் அது நின்று யோசித்தபோது பேச்சி திரும்பி, "உள்ள வா" என்றாள்.

ஆறு மாதம் கழித்து அவள் பரீட்சை எழுதினாள். அந்த ஆறு மாதத்தில் இரண்டுமுறை டார்ச் தேடிப் போனாள், இரண்டுமுறையும் மனநலப் பிரிவு மருத்துவரிடம் தானே போய்ச் சொன்னாள். விடுதியில் இப்போதும் நோட்டுகள் கை மாறுகின்றன, நோட்டை வாங்குகிறவளிடம் கொடுக்கிறவள், "உனக்கு என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கவேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. சிலர் சிரிப்பார்கள். சிலர் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், அன்று இருவரும் வகுப்புக்குப் போகமாட்டார்கள்.

வருடக் கடைசியில் விடுதியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் பங்குனி மாதப் பக்கத்தில் விரலை வைத்து நின்றார். பெயர், பார்க்க வேண்டியவர், உறவு, வந்த நேரம் எல்லாம் இருக்கிறது; போன நேரம் மட்டும் காலியாக இருக்கிறது என்றார்.

ருக்குமணி அக்கா எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டாள்.

"அது போகல சார்" என்றாள். "உள்ளதான் இருக்கு."